இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்

ஹூமன் பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. யார் கையில் இருந்ததையும் தட்டிப் பறிக்கவில்லை. வாயைத் திறந்திருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஒரு துண்டு இறைச்சியை மென்றுகொண்டு சும்மா இருந்துவிட்டான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவனைப் பிறகு நிம்மதியாகத் தூங்கவிடவில்லை.

நடந்தது ஹார்விக் என்ற சின்ன ஊரில், டாக்டர் கோபஸின் கார் கொட்டகையில். வெளியே எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் உறைந்துவிடும் குளிர். ஆனாலும் மனுஷர் கொட்டகைக் கதவைப் பாதி தூக்கிவிட்டு, கனமான குளிர்ச்சட்டைக்குக் கீழே அரைக்கால் சட்டையோடு நின்று, கரி அடுப்பில் ஆட்டு விலாவைப் புரட்டிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தக் கோதுமைச் சீமைக்கு வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. இறைச்சியை வீட்டுக்குள் வைத்துச் சுடுவதில்லை என்ற பிடிவாதம் மட்டும் போகவில்லை. அவர் மனைவி எல்னா கம்பளிகளைக் கொண்டுவந்து விருந்தாளிகளின் மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

விருந்தாளிகள் ஹூமனும் அவன் மனைவி நாஹித்தும். இருவரும் ஈரானில் டாக்டர்கள். பக்கத்து நகரமான சஸ்கடூனில் அவன் ரொட்டிக் கிடங்கில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவன். அவள் முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டித் துடைத்து உடை மாற்றிவிடுகிறவள். இரண்டு பேரும் இந்த நாட்டுப் பரீட்சைகளைப் பாஸ் பண்ணியாகிவிட்டது. ஆனால் பாஸ் பண்ணினால் போதுமா? வெளிநாட்டில் படித்தவர் உள்ளூர் டாக்டர் ஒருவரின் கண்பார்வையில் சில மாதம் வேலை பார்த்துக் காட்டவேண்டும். அவர் தலையாட்டினால்தான் உரிமம். அதற்குப் பிறகு அதே சின்ன ஊரில் சில வருஷம் இருந்தாகவேண்டும். ஹார்விக் கிளினிக்கில் இருந்த இன்னொரு டாக்டர் கடலோரத்துக்கு ஓடிவிட்டதால், கோபஸ் ஒற்றை மாடாக இழுத்துக்கொண்டிருந்தார்.

அன்று பகலெல்லாம் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். பனிச்சறுக்கு அரங்கம், தானியக் கிடங்கு, கிளினிக்கில் காலியாகக் கிடந்த அறை. அந்த அறைக்குள் நுழைந்ததும் நாஹித் கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்து, வெந்நீர் வருகிறதா என்று விரலை நீட்டிப் பார்த்தாள். ஹூமன் அதைக் கவனித்தான்.

"சரி, சுத்தி வளைக்காமக் கேக்கறேன்," என்றார் கோபஸ், தட்டில் விலாவை அடுக்கிக்கொண்டே. "ரெண்டு பேரையும் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பக்கத்துல நின்னு பாக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன், அதனால ஒருத்தரைத்தான் எடுத்துக்க முடியும். யாரு வர்றீங்க?"

"நாஹித்தான் வரணும் டாக்டர்," என்றான் ஹூமன். மனதாரத்தான் சொன்னான், அதில் சந்தேகமில்லை. "என்னைவிட அவதான் கெட்டிக்காரி. மலைக்கிராமத்துல தனியா ஒரு ஆஸ்பத்திரியையே நடத்தினவ."

நாஹித்தின் முகம் சிவந்தது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவர்தான் வரணும். அவர் எங்க, நான் எங்க!"

"அப்படியா? சரி, முடிஞ்சுது," என்றார் கோபஸ். "ஹூமன், நீ வந்துடு. எல்னா, அந்த மாங்காய்ச் சட்னி எங்க?"

அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது. கோபஸைக் குறை சொல்லி என்ன? அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம். ஈரானியர்கள் அப்படி இல்லை. அவர்கள் மரியாதைக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், தாரோஃப் என்று. தட்டை நீட்டினால் முதலில் வேண்டாம் என்பார்கள். மறுபடி நீட்டினால், சிரமப்படாதீர்கள் என்பார்கள். மூன்றாவது தடவை நீட்டும்போதுதான் கை வெளியே வரும். எடுத்த எடுப்பில் வாங்கிக்கொள்கிறவள் வளர்ப்பு சரியில்லாதவள், ஒரே தடவை நீட்டிவிட்டுத் தட்டைத் திருப்பி எடுத்துப் போகிறவன் கஞ்சப் பிசினாரி. நாஹித் தன் பங்கைச் சரியாகச் செய்தாள். அடுத்த வார்த்தை ஹூமன் சொல்லவேண்டியது. "இல்லை டாக்டர், அவள் அடக்கத்துக்குச் சொல்கிறாள்" என்று ஒரு வார்த்தை.

அவள் அவனைப் பார்த்தாள். கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. அவனும் அவளைப் பார்த்தான். பிறகு விலாவிலிருந்து ஒரு துண்டைக் கடித்து மெல்ல ஆரம்பித்தான். ரொம்ப நேரம் மென்றான். எனக்கு, எனக்கு, எனக்கு என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான். கடைசியாக நோயாளியைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது சட்டம். இருவரும் ஒன்றாகத்தான் ஊரை விட்டு வந்தார்கள், எனவே இருவருக்கும் வருகிற இலையுதிர்காலத்தோடு சரி. இந்த வண்டியில் ஏறாதவருக்கு இனி வண்டி இல்லை. ஈரானுக்குத் திரும்பிப் போய்த் தொழில் செய்து கணக்கை முதலிலிருந்து தொடங்கவேண்டும், இல்லையென்றால் காலத்துக்கும் பெட்டி ஏற்றவேண்டும் அல்லது கிழவர்களைக் குளிப்பாட்டவேண்டும்.

திரும்பி வரும்போது காற்று சாலையின் குறுக்கே பனியை இழுத்துக்கொண்டு போனது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வெளிச்சம் இல்லை. ஹூமன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"இறைச்சி நல்லா வெந்திருந்துச்சு," என்றான்.

"ம்."

"அந்தம்மா ரொம்ப நல்லவங்க."

"ம். அங்க நமக்குக் குடுக்கற வீட்டுல சமையல்கட்டு சின்னதாம். எல்னா சொன்னாங்க."

"பாத்துக்கலாம்."

நாளைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் நாஹித். இந்த வாக்கியம் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே தானிய லாரி ஒன்று பனிப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. லாரி போகட்டும், சொல்லலாம் என்று இருந்தான். லாரி போனது. அவன் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? அவர் வரட்டும் என்று நாலு பேர் முன்னால் சொன்னவள், எனக்கும் வேணும்தான் என்று காரில் வந்து சொன்னால் அதைவிட அசிங்கம் அவளுக்கு வேறு இல்லை.

அடுத்து வந்த நாட்களில் நாஹித் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் கொடுமை. முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலாவது அவனும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருப்பான். அவளோ போனில் வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். அவனுடைய வெள்ளைக் கோட்டைத் தேடி எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டாள். இல்லத்தில் கிருமி நாசினி தேய்த்துத் தேய்த்து அவள் விரல் கணுக்கள் வெடித்திருந்தன. அந்த விரல்களால் கோட்டின் கழுத்துப்பட்டையை நீவிவிட்டதைப் பார்த்ததும் ஹூமன் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். முதல் தடவை அவன் பரீட்சையில் தோற்றபோது, மறுபடி உட்கார்ந்து படி, நான் இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறேன் என்றவள் இவள். படிக்க நேரமே இல்லாமல், பஸ்ஸில் போகவர வாசித்து, ஒரே தடவையில் பாஸ் பண்ணியவளும் இவள்தான்.

ஒருநாள் உலர்ந்த எலுமிச்சை வாங்கி வா என்று அனுப்பினாள். பெஹ்ரூஸ் கடைக்குப் போனான். பெஹ்ரூஸ் ஷிராஸில் எலும்பு டாக்டர். இங்கே மளிகைக்கடை வைத்து ஆட்டெலும்பு வெட்டுகிறான். "தொழிலை நான் விடல, நோயாளிதான் மாறிட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"அடடே, வாங்க டாக்டர் ஆகா, வாங்க!" என்றான் பெஹ்ரூஸ். ஆணுக்கு ஆகா, பெண்ணுக்குக் கானும், அவர்கள் பேச்சில் ஐயா, அம்மா மாதிரி. "எழுந்து நிக்கணும், ஆனா நான் ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"விடு பெஹ்ரூஸ். அரைக் கிலோ எலுமிச்சை குடு."

"தரேன் தரேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்த ஊர்க்காரங்க முதல்ல நாஹித் கானுமைத்தானே கூப்பிட்டாங்க? நீ சும்மா கூடப் போனவன்னு என் வீட்டுக்காரி சொன்னா."

"ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டாங்க."

"அவ வேணாம்னுட்டாளா?"

"ஆமா. அவர்தான் வரணும்னு அவளே சொன்னா."

"அதுக்கு நீ எத்தனை தடவை சொன்ன?"

ஹூமன் எலுமிச்சைச் சாக்கைப் பார்த்தான். "ஒரு தடவை."

அறுத்துக்கொண்டிருந்த எந்திரத்தை நிறுத்தினான் பெஹ்ரூஸ். "ஒரு தடவையா? அடப்பாவி! என் கடைக்கு வந்து ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கறவன்கிட்டகூடக் காசு வேணாம் ஆகா, வேணாம் ஆகான்னு நான் மூணு தடவை சொல்றேனே! அவனும் குடுத்துட்டுத்தான் போறான், நானும் வாங்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா சொல்றேன்ல?"

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அதனாலதான் கேக்கறேன். வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, அவனை மன்னிச்சுடலாம்."

"எனக்கும் குடும்பம் இருக்கு பெஹ்ரூஸ். நான் டாக்டரானா அவளுக்கும்தானே நல்லது?"

"ஓகோ, அவளுக்காகத்தான் பண்ணியா! அப்பச் சரி. அவகிட்ட இதைச் சொல்லிட்டியா?"

பெஹ்ரூஸ் எலுமிச்சையை நிறுத்துப் பையில் போட்டு நீட்டினான். ஹூமன் காசை எடுத்தான். பெஹ்ரூஸ் வேணாம் ஆகா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு அடுத்த எலும்பை எடுத்தான். கன்னத்தில் அறை வாங்கியவன் போல ஹூமன் வெளியே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாஹித்துக்கு விடுமுறை. காலையிலேயே கீரைகளை அரிந்து, வதக்கி, அந்த எலுமிச்சையைக் குத்திப் போட்டு, கோர்மே சப்ஸிக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டாள். வீடெல்லாம் வெந்தயக்கீரை மணம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி உறைந்து ஓரங்களில் பனி கட்டியிருந்தது.

"கொதிக்கட்டும்," என்றாள். "வா, உனக்குப் பயிற்சி குடுக்கறேன். நான் விவசாயி, நீ டாக்டர்."

"இன்னைக்கு வேணாம் நாஹித்."

"வேணும். அங்க போய் முழிச்சா மானம் போகும்." அவனுடைய கம்பளிக் குல்லாயை எடுத்துக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டாள். கால்களை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். அசல் ஹார்விக் விவசாயி. சாதாரண நாளாயிருந்தால் ஹூமன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

"வாங்க, உக்காருங்க. என்ன பண்ணுது?" என்றான்.

"ஒண்ணும் பண்ணல டாக்டர். போய்க் காட்டிட்டு வாங்கன்னு பொண்டாட்டி தொல்லை. அதான் வந்தேன்."

"காய்ச்சல், இருமல் ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல."

"நெஞ்சுல வலி?"

"பெரிசா ஒண்ணுமில்ல."

"சரி, பிரஷர் பாத்துடலாம். சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

நாஹித் குல்லாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "செத்துட்டேன்," என்றாள்.

"என்னது?"

"வீட்டுக்குப் போற வழியில டிராக்டர்லயே செத்துட்டேன். பெரிசா ஒண்ணுமில்லன்னேன், நீ சரின்னு விட்டுட்ட."

"நீதானே ஒண்ணுமில்லன்ன!"

"சொல்லுவான் ஹூமன். இந்த ஊர்க்காரன் கை அறுந்து தொங்கினாலும் கீறல்தான்னு சொல்லுவான். டாக்டருக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லுவான். நீதான் திரும்பக் கேக்கணும். ஒரு தடவை வேணாம்னா, ஒண்ணுமில்லன்னா, அதோட விட்டுடுவியா? இன்னொரு தடவை கேட்டா உன் வாய் வலிக்குமா?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அது விவசாயியைப் பற்றிய பேச்சு இல்லை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அடுப்பில் மூடி தடதடவென்று ஆடியது. யாரும் எழுந்து போய்த் தணிக்கவில்லை.

"நான் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் நாஹித். "இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு. நீயும் என்னைப் பாத்த. பாத்துட்டு இறைச்சியை எடுத்து வாயில போட்டுக்கிட்ட."

"நாஹித் ஜான்..."

"ஜான்னு கொஞ்சறதெல்லாம் அப்புறம். உனக்குத் தெரியலன்னா பரவாயில்ல. மறந்துட்டேன்னு சொன்னாலும் நான் நம்பிடுவேன். சொல்லு, தெரியலையா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"எனக்கும் ஆசை இருந்துச்சு."

"எனக்கு இல்லையா? இல்லத்துல ஒரு பெரியம்மா, கால் ரெண்டும் வீங்கிப்போயிருக்கு, படுத்தா மூச்சு வாங்குது. இருதயம்னு எனக்குத் தெரியுது. போய்ச் சொன்னா, சரி நாஹித், சொல்றோம், நீ போய்த் துணியை மடிங்கறாங்க. நான் போய் மடிக்கறேன். நம்ம நேரம் வரும், நான் இல்லன்னா நீயாவது, நீ இல்லன்னா நானாவதுன்னு நெனச்சுக்கிட்டு மடிக்கறேன். நீயே வேணும்னு கேட்டு வாங்கியிருந்தா சந்தோஷமா விட்டுக் குடுத்திருப்பேன் ஹூமன். சத்தியமா. நான் மரியாதைக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்டியே. அதைத்தான் என்னால தாங்க முடியல."

 ஹூமனுக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. "நான் இப்பவே கோபஸுக்குப் போன் போடறேன்," என்றான். "உன் பேரைக் குடுக்கச் சொல்லிடறேன்."

இதைச் சொன்ன அந்த நொடியில் அவன் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். வருத்தம் இருந்தது, நிஜம். கூடவே ஒரு கணக்கும் இருந்தது. நாஹித்தை அவனுக்குத் தெரியும். விடு, ஆனது ஆகிப்போச்சு, இனிமே எதுக்கு என்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டு எடுத்து வைப்பாள். இவன் சொல்லவேண்டியதைச் சொல்லியும் ஆகிவிடும், இடமும் கையை விட்டுப் போகாது. பாரம் இறங்கிவிடும்.

"போடு," என்றாள் நாஹித்.

"இப்பவா? ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டுக்கிட்டு இருப்பார்."

"சாப்பிட்டுக்கிட்டே பேசுவார். போடு ஹூமன்."

போன் மணி அடித்தது. எடுக்கமாட்டார் என்று வேண்டிக்கொண்டான். எடுத்துவிட்டார். பின்னால் நாய் குரைத்தது.

"என்னப்பா, குளிருக்குப் பயந்து வரலன்னு சொல்லப்போறியா?" என்றார் கோபஸ்.

"டாக்டர், அன்னைக்கு நாஹித் வேணாம்னு சொன்னது மரியாதைக்கு. எங்க வழக்கம் அது. ஒரு தடவை வேணாம்னு சொன்னா வேணாம்னு அர்த்தமில்ல. அவளுக்கு வர இஷ்டம். நான்தான் சொல்லியிருக்கணும்."

"உனக்கு அது அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

ஹூமன் நாஹித்தைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வேணும்னு இருந்துச்சு," என்றான்.

கோபஸ் நாயை அதட்டினார்.  "நானும் கடல் தாண்டி வந்தவன்தான். அந்த வேணும்கறது எப்படிக் கடிக்கும்னு எனக்கும் தெரியும்," என்றார். "அதுக்காக உன்னைத் தட்டிக் குடுப்பேன்னு நெனைக்காத. நோயாளி விஷயத்துல இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் அன்னைக்கே துரத்திவிடுவேன். பேரு இன்னும் மேல போகல, உன் அதிர்ஷ்டமோ அவ அதிர்ஷ்டமோ. இடம் ஒண்ணுதான், அதுல மாத்தமில்ல. புரியுதா?"

"புரியுது."

"போனை அவகிட்டக் குடு. இந்தத் தடவை நானே கேட்டுக்கறேன்."

நாஹித் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கோபஸ் என்ன கேட்டார் என்று ஹூமனுக்குக் கேட்கவில்லை. அவள் பதில் மட்டும் கேட்டது.

"ஆமா டாக்டர். வேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, மரியாதைக்கு இல்ல. எனக்கு வேணும். எப்ப வரணும்?"

அவள் எழுதிக்கொள்ளத் தாள் தேடினாள். ஹூமன்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தான்.  பாரம் இறங்கும் என்றுதான் நினைத்திருந்தான். இறங்கவில்லை. அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. வரும் இலையுதிர்காலத்தோடு தன் கதவு சாத்தப்படும். கிடங்கில் மேஸ்திரி எந்த வயதுவரை பெட்டி ஏற்றவிடுவான்? ஈரானுக்குத் திரும்பிப் போனால் பழைய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்களா? மனைவிக்கு நல்லது நடந்திருக்கிற இந்த நிமிஷத்தில் தன் மனசு தன்னைச் சுற்றியே வட்டமடிப்பதைக் கண்டு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நாஹித் போனை வைத்துவிட்டு, அடுப்பைத் தணித்தாள். சோற்றுப் பானையைத் தட்டில் கவிழ்த்து, அடியில் பொன்னிறமாக முறுகியிருந்ததை இரண்டாக உடைத்தாள். பெரிய பாதியை அவன் தட்டில் வைத்தாள். குழம்பை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட ஆரம்பிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும்," என்றாள்.

"கேளு."

"போன் போடறேன்னு சொன்னப்ப, வேணாம்னு நான் சொல்லுவேன்னு நெனச்சுத்தானே சொன்ன?"

ஹூமன் தட்டைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்துவிடலாம்.

"ஆமா," என்றான்.

"தெரியும்," என்றாள் நாஹித், கரண்டியை எடுத்துக்கொண்டே. "அதனாலதான் வேணாம்னு சொல்லல."